அண்ணாந்து குடிக்காத அப்பா

சௌ. ஸுஷ்மாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் முழு சௌக்கியம், அப்பா முக்கால் சௌக்கியம், மீதியும் வந்துகொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளை ஸாரங்கும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். போனில் எதைச் சொன்னாலும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் போடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்து கை கால் சரியானதும் பெருமாள் காப்பாற்றினார் என்று இருந்தோமே, தொண்டை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாலே புரை ஏறும். அதற்குப் பயந்து தண்ணீரையே விட்டார், சோறும் பாதியானது, வேஷ்டிக்கு மேல் பெல்ட் போடும் அளவுக்கு இளைத்துவிட்டார். இரண்டு தடவை ஜுரம் வேறு. குடித்தது நுரையீரலுக்குள் போய் சளி கட்டியிருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் மூக்கில் குழாய் விட்டுத்தான் ஆகாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு அன்று சொல்லவில்லை, கோபிக்காதே. விழுங்கப் பழக்கும் பெண் தமிழ்ப்ரியா, ஹனூர்க்காரி, வீட்டுக்கே வந்தாள். எப்பவும் எப்படிக் குடிப்பீங்களோ அப்படியே குடிச்சுக் காட்டுங்கய்யா என்றாள். இவரும் பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணாந்து, டம்ளர் உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டு, கண் சிவக்க இருமினார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்பூனில் கொடுத்தபோது ஒழுங்காக இறங்கியது வீட்டில் ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டோமே, காரணம் இதுதான். அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். தண்ணீரோ மோரோ, அதற்கென்று விற்கும் பொடியைப் போட்டுக் கெட்டியாக்கி, மோவாயைத் தாழ்த்தி, உதடு வைத்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்க வேண்டுமாம்.

எச்சல் பண்ணிக் குடிக்கறதுக்குக் குழாயே தேவலை என்று அப்பா முறுக்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அதே கெட்டி மோரை நானும் உதடு வைத்துக் குடித்தேன். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். ருசியைப் பற்றிக் கேட்காதே. தினம் மத்தியானம் இதே கூத்து. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு வேண்டாவெறுப்பாக ஒரு வாய், பிறகு அரை டம்ளர். அப்புறம் ஜுரம் எட்டிப் பார்க்கவில்லை, வேஷ்டியும் இடுப்பில் நிற்கிறது. நேற்று தன் டம்ளர் காலியானதும் கையை நீட்டி என்னுடையதை எடுத்தார். அது நான் குடிச்சதாச்சே என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, மோவாயைத் தாழ்த்தி, சாவகாசமாகக் குடித்து முடித்தார். இருமவே இல்லை. நான்தான் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மேல்கோட்டைச் செல்லப்பிள்ளைப் பெருமாள் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நாங்கள் சாப்பிடும் நேரத்தில் வீடியோ கால் செய்யாதே, உன்னைப் பார்த்தால் வாயில் சோற்றோடு பேச ஆரம்பிக்கிறார். டம்ளர் விஷயம் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. வெட்கப்பட்டு மறுபடி அண்ணாந்துவிடப் போகிறார்.

உன் அம்மா,
ஸத்யபாமா
அக்ரஹாரம், மைசூரு