பெரியப்பா எழுந்து சிரிக்கும் காட்சி

அன்பு அண்ணா,

நீ எடுத்த படத்தை நேற்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை, உன்மேல் கோபம்தான் வந்தது. கேட்கலாம் என்றால் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில், பாகலூர் ரோஜாத் தோட்டத்துக் குளிர் அறையில், கம்பெனிக் கூட்டாளிகளை வைத்து நீ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். புகை போட வசதியில்லை, வாயிலிருந்து வரும் ஆவியே போதும் என்றாயாம். நன்றாகத்தான் இருக்கிறது, போ. தம்பி நிலத்தையும் சேர்த்து மனை போட்டு விற்ற அண்ணனை, தம்பி மகன் கொல்கிறான். யார் வீட்டுக் கதை என்று ஊருக்கே தெரியும். கொல்கிறவனாக நீ நடித்தது சரி. சாகிறவராக நடிக்க நம் பெரியப்பாவையே கூப்பிட்டாயே, எந்த நெஞ்சழுத்தத்தில்? அவரும் எதற்கு வந்தார்?

சினிமாவில் சாவுக் காட்சி எடுத்தால், செத்தவரை எழுப்பிச் சிரிக்கவைத்தும் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்பார்கள். நீயும் எடுத்திருக்கிறாய். அது படத்தில் வரக்கூடாத துண்டு. உன் படமோ அதில்தான் முடிகிறது. பெரியப்பா எழுகிறார், சிரிக்கிறார், உன் தோளில் கை போடுகிறார். நீயும் சிரிக்கிறாய்.

எடிட்டிங்கில் உன்னோடு உட்கார்ந்த சிவாவிடம் கேட்டேன். "அண்ணன் வேணும்னே வெச்சாரா, அப்புறம் எடுத்துக்கலாம்னு ஓரமா போட்டாரான்னு தெரியலக்கா. நீங்க சொன்னா வெட்டிடறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் படத்தைப் போடுகிறோம். சிவா காட்டியதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா வந்தார். வாசலிலேயே நின்றார், நானும் உள்ளே கூப்பிடவில்லை.

"பாப்பா, அவன் என்ன மன்னிச்சுட்டானா? இல்ல, ஏமாத்தினவன் எந்திரிச்சுச் சிரிக்கறான் பாருங்கன்னு ஊருக்குக் காட்டறானா?"

"தெரியல பெரிப்பா."

வெட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எதுவா வேணா இருக்கட்டும், வெட்டாத. அந்த ஒண்ணுலதான் அவன் என்கூட சிரிக்கறான்" என்று அழுதார்.

அப்பா வாடகை வீட்டில் செத்ததை நான் மறக்கவில்லை. ஆத்திரமும் ஆறவில்லை. பிறகு எனக்கும் ஏன் அண்ணா அழுகை வந்தது?

நீ விட்டுப்போனபடியே படம் ஓடும். ஒரு துண்டையும் தொட விடமாட்டேன். அது மன்னிப்பா, பழியா என்று யார் கேட்டாலும் உனக்காக நான் பதில் சொல்லவும் மாட்டேன்.

பெரியப்பாவை இன்னும் வீட்டுக்குள் கூப்பிடாத
உன் தங்கை,
மஞ்சுளா