கோணி கட்டிய மணி

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் செலினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், ஈன்று பத்து நாளான நம்ம சிவப்புப் பசுவும் அதன் கன்றும் கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு மனசு வரவில்லை, நீ சொன்னால்தானே தெரியும். இந்தக் கடிதம் பிப்ரவரி மாதமே உன் கைக்கு வந்திருக்க வேண்டியது. போனில் பேசிக்கொள்ளலாம், நேரில் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். நீ போனில் உம் என்கிறாய், சாப்டேன் என்கிறாய், வைக்கட்டுமா என்கிறாய். நான் அனுப்புகிற மெசேஜில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் நாளைக்கு உங்கள் காலேஜுக்கு ரயில் ஏறப்போகிற கீர்த்திகா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனைக் கவிழ்த்துப் போட்டுவிடுவாய், எதிரில் வந்து நிற்கிற பெண்ணை என்ன செய்வாய்?

கீர்த்திகா மேல் கோபப்படாதே கண்ணு. அவள் கோள் சொல்லவில்லை. பெரிய வியாழன் அன்று காலையில், மறுநாள் பெரிய வெள்ளிக் கஞ்சிக்குப் பயறு வாங்க வில்லியனூரில் அவர்கள் மளிகைக் கடைக்குப் போனேன், பார்த்தால் கல்லாவில் கீர்த்திகாவே உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ லீவே கிடையாது என்றாயே. அவள் அம்மா சுலோசனா அக்கா வாய் நிறைய, காலேஜே ஒரு வாரம் லீவாமே, செலினு எங்க என்று கேட்டதும் கீர்த்திகா முகம் மாறிப்போனது. நான்தான் அவளைப் பின்னாடி கிடங்குக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நீ மெஸ்ஸுக்கு வருவதில்லை, அறையிலேயே கிடக்கிறாய், மறுதேர்வுக்கு இன்னும் பதியவே இல்லை, கேட்டால் பார்க்கலாம் என்கிறாய், இருபத்தெட்டாம் தேதிதான் கடைசி என்றாள். பயறை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். நான் பேப்பரில் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பற்றிச் சில செய்திகளைக் கண்டால் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவள் என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் திருப்பிவிட்ட பக்கங்களாக ஞாபகம் வந்தது. அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுக்காதே. பக்கத்து அறைப் பெண்ணிடம் தினமும் ஒரு வார்த்தையாவது பேசு. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அம்மா எப்போதும் இப்படித்தான் என்று சிரித்துவிட்டாவது போ.

பிப்ரவரியில் ரிசல்ட் வந்ததும் நீ போனில் அழுதபோது, அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, போனது போவட்டும், ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு வுடாத, சித்தப்பா வூட்டுக்குக் கூட தெரியக்கூடாது என்றாரே, அதை நான் கேட்டுக்கொண்டு பக்கத்திலேதான் நின்றேன். தப்பாகப் பேசுகிறார் என்று அப்போது எனக்குப் படவே இல்லை. அவர் நிலைமையையும் நினைத்துப் பார்த்தேன். உனக்கு சீட் கிடைத்ததும் ஊர் முனையில் உன் படம் போட்டு பிளெக்ஸ் வைத்த மனுஷன். பள்ளிக்கூட வேனில் ஏறுகிற டீச்சர்கள் ஒவ்வொருவரும் பொண்ணு எப்படிப் படிக்குது என்று கேட்கக் கேட்க வண்டி ஓட்டுகிறவர். அந்த பிளெக்ஸ் இப்போது மாட்டுக் கொட்டகைக் கூரை மேல்தான் கிடக்கிறது, மழைக்கு ஆகும் என்று போட்டார். வெயிலில் உன் முகம் பாதி வெளுத்துவிட்டது, தினமும் சாணி அள்ளும்போது நிமிர்ந்து பார்த்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கேயாவது சிரித்த முகமாக இருக்கிறாய்.

இப்போது நடந்த கதையைக் கேள். இந்த வருஷம் மணி அடிக்கிற உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன், குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அதனால் பரிசுத்த வாரம் முழுக்கக் கோயில் மணி அப்பா பொறுப்பு. பெரிய வியாழன் பூசையில் உன்னதங்களிலே பாடும்போது அடிக்கிற மணியோடு சரி, அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பாஸ்கா பூசையில் அதே பாட்டு வரும்வரைக்கும் மணி நாக்கு அசையக் கூடாது, கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிட வேண்டும், உனக்குத் தெரியாததா. போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விளையாட்டாகக் கயிற்றை இழுத்துவிட்டு சாமியாரிடம் திட்டு வாங்கினார்கள் இல்லையா, என் பொறுப்புல அப்படி நடக்கக்கூடாது என்று அப்பா வியாழக்கிழமை ராத்திரியே கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கில் தவிட்டுக் கோணியை மடித்து மடித்துச் சுற்றி, தென்னங்கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். அவர் கட்டு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், உன் பெட்டிக்கு அவர் போட்ட கட்டை அவிழ்க்க முடியாமல் ஹாஸ்டலில் பிளேடு வாங்கி அறுத்தாயே.

சனிக்கிழமை பாஸ்கா பூசையை இந்த வருஷம் ஏழு மணிக்கே வைத்துவிட்டார்கள். விளக்கெல்லாம் அணைத்து, புதுத் தீயில் மெழுகுதிரி ஏற்றி, வாசகங்கள் எல்லாம் முடிந்து சாமியார் உன்னதங்களிலே என்று எடுத்தார். விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது, பீடத்துச் சின்ன மணிகள் கிணுகிணு என்றன, கீபோர்டு முழங்கியது. பெரிய மணி மட்டும் தொப், தொப் என்கிறது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. கோயிலே தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்குப் பின்னால் இருந்த வயசான அம்மா ஒருவர், மணி விரிசல் வுட்டுப்போச்சுடி, வெள்ளக்காரன் காலத்து மணிடி, ஊருக்கு இன்னா வரப்போவுதோ என்று சிலுவை போட்டுக்கொண்டார். அப்பாவைப் பார்க்கிறேன், அவர் இன்னும் பலமாக இழுக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, இழுக்க இழுக்க அதே தொப். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரமாகவே போய், கோணிய அவுத்தீங்களா என்று காதில் கேட்டேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கயிற்றை விட்டுவிட்டுப் படியில் ஓடினார். மேலே போய் செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, அவர் போட்ட கட்டை அவராலேயே அவிழ்க்க முடியாமல் திணற, கீழே பாட்டு முடிந்தே போனது. சாமியார் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே கொஞ்சம் பொறுத்தார். திடீரென்று மேலே மணி அடித்தது பார், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமியார் பாடகர் குழுவுக்குக் கையைக் காட்டினார், பாட்டை முதலிலிருந்து இன்னொரு முறை பாடினோம். அந்த அம்மாவும் அழுதுகொண்டே பாடினார்.

அப்பா தலையெல்லாம் தென்னை நாரோடு இறங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாள் பிரகாஷ் சித்தப்பாவும் அந்தோணி மேரி சித்தியும் சாப்பிட வந்தார்கள். சித்தப்பாவைத்தான் தெரியுமே, உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார், இன்னாண்ணே, மணிக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டியே என்று. அப்பா சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் சித்தப்பா, செலினு ஏன் வரல, ஃபர்ஸ்ட் கிளாஸ்காரிக்கு நம்மூரு கறிக்கொழம்பு கசந்துபோச்சா என்றார். நான் ஏதாவது பொய் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, எம்பொண்ணு ஒரு பேப்பர்ல ஃபெயிலு, நாந்தான் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அது வாயைக் கட்டினேன், அதனாலதான் அது ஊருக்கு வரல என்றார். சித்தப்பாதான் மெதுவாக எந்த பேப்பரு என்றார். அலை, ஒலி, வெப்பம், தெர்மோடைனமிக்ஸ் என்று நான் சொன்னதும் குபீரென்று சிரித்தார் பார், புரையேறிவிட்டது. பாலிடெக்னிக்குல எனக்கும் அந்த வெப்பந்தான் அரியர், நாலு வாட்டி எழுதினேன், இப்போ வில்லியனூருல பாதி வூட்டு ஏசிக்கு நாந்தான் கேஸ் அடிக்கிறேன் என்றார். அதான் பாதி வூட்டுல ஏசி குளுரல என்றார் சித்தி. அப்பாவும் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார் செலின். பிப்ரவரியிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. சித்தப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது, நாலாவது வாட்டி எழுதுனவன் ஒருத்தன் இருக்கான், ரெண்டாவது வாட்டி எழுத இன்னா வெக்கம் என்று.

பொங்கலுக்கு வந்தபோது எழுதி முடிச்ச பேப்பர்தானே என்று அந்தப் புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய். அதை நான் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு பி.எஸ்சி. படித்தவள்தானே, கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற தைரியம். அலை வரைக்கும் ஓரளவு வந்தேன். எண்ட்ரோபி என்று ஒன்று வருகிறது பார், மறுபடி மறுபடி படித்தும் தலைக்கு மேலே போய்விட்டது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த பெண், இதை அந்த வேகத்தில் இங்கிலீஷில் கேட்டு இங்கிலீஷிலேயே எழுதினாளா என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ ஒன்றும் மக்கு இல்லை. இதை உனக்குச் சொல்ல நான் அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது பாரேன். எனக்குப் புரியாத இடத்திலெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், உனக்குக் கோபம் வந்தால் அழித்துக்கொள். பதில் தெரிகிற இடத்தில் தமிழில் எனக்கு எழுது, சும்மா நான்கு வரி போதும்.

இன்னொன்று, அப்பா ஒரு கேள்வி கேட்கிறார். கோணியை அவிழ்த்ததும் மணி நாக்கைக் கையாலேயே பிடித்து அடித்தாராம். அடித்து முடித்துச் சத்தம் அடங்கின பிறகும் உள்ளங்கையை மணி மேல் வைத்தால், மடியில் படுத்திருக்கிற பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி விர் என்று இருந்ததாம். வைத்துக்கொண்டே இருந்ததும் அடங்கிப் போனதாம். காதுக்குக் கேட்கவில்லை, கைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, கை வைத்ததும் ஏன் அடங்கினது, கோணி சுற்றினால் அத்தனை பெரிய மணிக்கு ஏன் தொப் என்று மட்டும் வந்தது என்று என்னைக் கேட்டார். புத்தகத்தைப் பார்த்து ஏதோ சொன்னேன், அவருக்குத் திருப்தி இல்லை. வுடு, செலினு வந்தா சொல்லும் என்றார். கரிக்கலாம்பாக்கத்தில் புதுமனையில் வீடு கட்டியிருக்கிற உன் பெரியம்மாவுக்கு பாஸ்கா மணி நன்றாகக் கேட்டதாம், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில் அடித்தது கேட்கவே இல்லையாம். ராத்திரியில் தரையை ஒட்டின காற்று குளிர்ந்திருக்கும், அதனால் சத்தம் கீழ்ப்பக்கமாக வளையும் என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது. சரிதானா? நான் பாட்டுக்குப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், தப்பாக இருந்தால் சீக்கிரம் சொல், மானம் போகும்.

பரீட்சை எழுதத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்தெட்டுக்குள் பதிந்துவிடு, எழுதுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம், பதியாமல் விட்டால் அந்த முடிவு நம் கையில் இருக்காது. எழுதியும் போய்விட்டால் போகட்டும், மறுபடி உட்காரலாம். அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், அப்பா வேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு வந்து உன்னைக் கூட்டிவருவார், ஊரில் எவருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியது இல்லை, கேட்கிற எல்லாருக்கும் அப்பாவே சொல்லிவிட்டார். இப்போது ஊரில் நீ ஃபெயில் ஆனதைவிட அப்பா கோணியை மறந்ததுதான் பெரிய பேச்சு.

கீர்த்திகா கையில் அந்தப் புத்தகம், அதிரசம், முறுக்கு, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறேன். அதிரசத்தை முதலில் சாப்பிட்டுவிடு, அங்கே அடிக்கிற வெயிலுக்குத் தாங்காது. தலைக்கு எண்ணெய் வை. அவளோடு மெஸ்ஸுக்குப் போய் உட்கார், பசி இல்லை என்றாலும் உட்கார். பரலோக மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டதாக நினைத்துக்கொள். பதிந்ததும் பேச முடியாவிட்டால் ஒரு மிஸ்டு கால் கொடு, நான் புரிந்துகொள்கிறேன்.

என்றும் உன் அம்மா,
ரோஸி மேரி

பி.கு.: முறுக்கு டப்பாவுக்கு அடியில் ஒரு சின்னக் கோணித் துண்டு இருக்கும், தவிட்டு வாசனை அடிக்கும், குப்பை என்று எறிந்துவிடாதே. பார்சலை நான் கட்டப் போனபோது அப்பா வந்து வைத்தது. கூட ஏதாவது எழுதுங்களேன் என்று பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. அவுத்துட்டேன்னு மட்டும் எழுது என்றார்.