பூட்டுப் போட மாட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அக்காவும் அவள் பெற்ற வாலில்லாக் குரங்கும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தைத் தூக்கினேன் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே புக முடியாதல்லவா. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். அக்கா குடிபோன புது வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, அதனால் துணி துவைக்கவும் என்னோடு சண்டை போடவும் வாரத்தில் இரண்டு நாள் இங்கேதான் வருகிறாள்.

இனி நீ போன வாரம் பேசியதற்கு வருகிறேன். என் எம்பிராய்டரி புரோகிராமை உன் கம்பெனியே வாங்கிக்கொள்ள விரும்புகிறது, அம்மாவைச் சம்மதிக்க வைத்தால் புதுப் பிரிவுக்கு நீதான் தலைவர் என்று உன் மேலாளர் சொன்னார் என்றாய். ஊருக்கெல்லாம் சும்மா குடுத்து என்னத்த கண்ட, கையெழுத்த போட்டுட்டு நிம்மதியா இரும்மா என்றாய். இளிச்சவாய் என்று மட்டும்தான் நீ சொல்லவில்லை. சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன், முடியாது.

நான் என்னவோ தர்மத்துக்குச் செய்தேன் என்று நினைக்காதே, வீம்புக்குச் செய்தேன். எங்கள் தையல் கூடத்தில் நான்கு எம்பிராய்டரி மெஷின்கள், ஏழு பெண்கள், நர்ஸ் கோட்டுகளில் பெயரும் பள்ளிக்கூடச் சட்டைப் பைகளில் சின்னமும் போட்டுக்கொண்டு யார் வம்புக்கும் போகாமல் இருந்தோம். ஒரு நாள் விற்பனைக்காரன் வந்து, இந்த மாடலுக்கு இனிமே சாஃப்ட்வேர் கிடையாது, புது மெஷின் வாங்கிக்கங்க என்றான். ஓடுகிற மெஷினை ஏன் தூக்கிப் போட வேண்டும், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று காட்டு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். அவன் சிரித்தான். ஒரு நாள் முழுக்க அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. பரணில் கிடந்த உன் பழைய கணினியை இறக்கினேன், உன் கல்லூரிப் புத்தகங்களையும் இறக்கினேன், டீக்கறை பட்ட பக்கங்களை மட்டும்தான் நீ படித்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. பதினான்கு மாதம் கழித்து மெஷின் முதல் எழுத்தைத் தைத்தது, நசுங்கிய சிலந்தி மாதிரி இருந்தது, நான் அழுதுவிட்டேன். அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து படியுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் ஒரு தளம் திறந்து வெளியிட்டது கொஞ்சம் பெருமைக்கு, கொஞ்சம் அந்த விற்பனைக்காரன் கண்ணில் படட்டும் என்பதற்கு. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் பிறகு நடந்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. என் மெஷினில் துணியைப் பிடிக்கும் வளையம் லேசாக ஆடும், பூ இடது பக்கம் சாயும். மெஷினைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, புரோகிராமிலேயே ஒரு வரி சேர்த்து எல்லாவற்றையும் துளி வலது பக்கம் தள்ளி வைத்தேன், அப்படியே மறந்தும் போனேன். ஆகவே உலகத்தில் அதை வைத்துத் தைத்த எல்லோருடைய பூவும் வலது பக்கம் சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி தைக்கும் ஒருத்தி, எந்த நாடென்றே எனக்குத் தெரியாது, அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, உங்க மெஷின் கோணல்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம் என்று எழுதினாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் வரியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் எழுதியதுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. எட்டு மாதமாகத் தன் கைதான் சரியில்லை என்று நினைத்திருக்கிறாள், மேற்பார்வையாளரிடம் எல்லோர் முன்பும் திட்டு வாங்கியிருக்கிறாள், சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்க முடிந்ததால்தான் தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததாம். என் தப்பைப் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் அவள் இன்றைக்கும் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள், நானும் பெரிய மேதை என்று நிமிர்ந்து திரிந்துகொண்டிருப்பேன்.

அதன் பிறகு நான் வீம்புக்கு மட்டும் செய்யவில்லை. ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் கையேடு எழுதித் தந்தார், ஒரு பள்ளி ஆசிரியை மூன்று மொழி எழுத்துகளை வரைந்து சேர்த்தாள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது, ஆனால் யார் எங்கே அவசரப்படுவார், யார் சின்னப் பிசகுக்கும் பத்து முறை மன்னிப்புக் கேட்பார் என்று தெரியும். உன் கம்பெனி கேட்பது தளத்தையும் பெயரையும், இனி வருவதையெல்லாம் பூட்டிக்கொள்ளும் உரிமையையும். அவர்கள் உழைப்பின் மேல் நான் எப்படிப் பூட்டுப் போடுவேன்.

உனக்கு வரவேண்டியதை நானே தட்டிவிடுகிறேன் என்பது தெரியாமல் எழுதவில்லை. வலிக்கிறது. ஆனால் உன் திறமைக்குத் தராத நாற்காலியை அம்மாவின் கையெழுத்துக்குத் தருகிறார்கள் என்றால் அதில் நீ எப்படி நிம்மதியாக உட்காருவாய், சொல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறாய். நீ கத்தமாட்டாய், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவாய், நானும் பேனாவை எடுத்துவிடுவேன். யாரை வேண்டுமானாலும் எதிர்ப்பேன், உன்னை மட்டும் என்னால் முடியாது. அதனால் வியாழக்கிழமை ஆஸ்பத்திரித் துணிக்காரி, மெக்கானிக், ஆசிரியை மூன்று பேருக்கும் தளத்தின் சாவியைக் கொடுத்து, உரிமையையும் நால்வர் பேரில் எழுதிவிட்டேன். இனி நால்வரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும், நான் ஒருத்தி தலையாட்டிப் பயனில்லை. ஏன் திடீரென்று இப்படி, உடம்பு சரியில்லையா என்று ஆஸ்பத்திரித் துணிக்காரி பதறிப்போய்க் கேட்டாள். என் மகன் வருகிறான் என்று பதில் எழுதினேன்.

அம்மா கையில் எதுவும் இல்லை என்று மேலாளரிடம் தாராளமாகச் சொல், அது உண்மை, பழி உன் மேல் விழாது. பல் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக வாழ வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா