ஸ்டேப்ளர் அடித்த ஒன்பதாவது கதை

பையைத் திறந்ததும் உன் வீட்டு வாசனை வந்து முகத்தில் அடித்தது. தைலமும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கெலாங் பாத்தாவிலிருந்து வந்து இந்தப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். "ஆண்ட்டி, அம்மா புஸ்தகம் எல்லாம் உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தாங்க." அவ்வளவுதான் பேசினாள். தேத்தண்ணி கலக்குகிறேன் என்றேன், ரோடு ஜாம் ஆயிடும் என்று கிளம்பிவிட்டாள். பதினோரு பேய்க்கதைத் தொகுப்புகள். பத்தை அலமாரியில் அடுக்கிவிட்டேன். பதினோராவதை மட்டும் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஆறு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எந்தப் புத்தகம் என்று உனக்குத் தெரியும்.

அதன் கடைசிப் பக்கத்தில் நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குப் பயம். நீ என் மேல் கோபத்தோடு போனாயா இல்லையா என்பது அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. வேறு யாரைக் கேட்க?

தெப்ராவ் பேக்டரியில் நீயும் நானும் ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே எதிரெதிராக உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடியில் குறை பார்த்த இன்ஸ்பெக்டர்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் ஆள் தாளில் முதல் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடணும், இரண்டாவது ஆள் இரண்டாவது கட்டத்தில். பாஸ், ரிஜெக்ட், சந்தேகமாக இருந்தால் ஹோல்ட். இரண்டு பேரும் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு கையெழுத்து இல்லாத தட்டு லாரி ஏறாது. அந்தச் சட்டத்தைத்தான் நீ பேய்க்கதைக்கும் கொண்டுவந்தாய்.

தம்போயிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் நான் ஒரு பேய்க்கதைத் தொகுப்புக்கு நியூஸ்பேப்பர் அட்டை போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுப் பொம்பளை பேய்க்கதை படிக்கிறாளே என்று யாராவது சொல்வார்கள் என்ற வெட்கம். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அதுவரை நாம் சரியாகப் பேசியதுகூட இல்லை. "நாலாவது கதை வந்துட்டீங்களா? வேஸ்ட் லா. தாண்டிப் போயிடுங்க" என்றாய். அன்றைக்குப் பஸ் இறங்குவதற்குள் "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. மறு வாரம் "வாடி" வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தொகுப்பின் கடைசி வெள்ளைத் தாளிலும் பென்சிலால் கட்டம் போட்டாய். கதை நம்பர், உன் கட்டம், என் கட்டம், காரணம். முதல் கட்டம் எப்போதும் உனக்குத்தான். "நான் சீனியர்" என்பாய். என்னைவிட மூன்று மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள், அதற்கு இந்த அலட்டல். காரணம் எழுதுவதில் உன்னை அடிக்க ஆள் இல்லை. "ரிஜெக்ட். பேய் ரொம்பப் பேசுது." "ரிஜெக்ட். கிணத்துல தண்ணி இல்லைன்னு மூணாம் பக்கத்துல சொல்லிட்டு, ஏழாம் பக்கத்துல அவளை முழுக வைக்கிறாரு." "பாஸ். பாத்ரூம் போக மகளை எழுப்பினேன், அவ திட்டினா." பின்னட்டையில் நெஞ்சை உறைய வைக்கும் கதைகள் என்று போட்டிருந்தால் உனக்குப் பிடிக்காது. "ஜொகூர் வெயில்ல எவனுக்கு நெஞ்சு உறையுது?" என்று அதன் மேலேயே கோடு கிழிப்பாய்.

பேஸ்புக்கில் ஒரு வாசகர் குழுவில் நம் இரண்டு பேரையும் யாரோ சேர்த்துவிட்டது நினைவிருக்கிறதா? ஒரு தொகுப்பை எல்லாரும் அருமை, மிரட்டல் என்று எழுத, நீ மட்டும் போய், "பன்னிரண்டு கதைல ரெண்டுதான் பயமா இருக்கு. முதல் கதையும் கடைசிக் கதையும். நடுவுல எல்லாம் தண்ணி" என்று போட்டாய். ஒரு ஆள் உன்னை, "உங்களுக்கு இலக்கியம் தெரியுமா?" என்று கேட்டார். "இலக்கியம் தெரியாது சார், பயம் தெரியும்" என்று பதில் போட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியே வந்துவிட்டாய். நான் உள்ளேயே இருந்து, உன்னைத் திட்டுகிறவர்களின் பெயரை உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ சிரித்துச் சிரித்து சாப்பாட்டு டப்பாவைக் கொட்டிவிட்டாய்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்து நீ வேலையை விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் புத்தகம் கொண்டுவந்தேன். வருகிறவர்கள் எல்லாம் உனக்குத் திருநீறும் ஹார்லிக்ஸும் கொண்டுவர, நான் மட்டும் பேய் கொண்டுவருகிறேன் என்று உன் மகளிடம் பெருமையாகச் சொன்னாயாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பதினோராவது தொகுப்பை நான் முதலில் படித்தேன். ஒன்பதாவது கதை. ஆஸ்பத்திரியில் செத்துப்போன ஒருத்தி, தினமும் மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். சமையலறையில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள். வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுப் பயந்து, வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுகிறார்கள். அவளுக்கும் வயிற்றில்தான் கட்டி. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இதை எப்படி உன் கையில் கொடுப்பது? கிழிக்கவும் மனசு வரவில்லை. ஆபீசிலிருந்து ஸ்டேப்ளர் எடுத்து வந்து அந்தப் பதினாலு பக்கத்தையும் சேர்த்து, மேலே மூன்று, கீழே மூன்று, ஓரத்தில் நான்கு என்று அடித்தேன். கடைசித் தாளில் நானே கட்டம் போட்டு, எட்டுக்கு அப்புறம் பத்து என்று எழுதினேன். அட மண்டு, பொருளடக்கத்தில் ஒன்பதாவது கதையின் தலைப்பு அப்படியே இருந்தது. எத்தனை வருஷம் மூடி பார்த்தவள் நீ, உன்னிடம் போய்.

மறுநாளே போன் பண்ணினாய். "ஒரு பீஸை எடுத்து மறைச்சிட்ட." நான் ஏதோ சமாளித்தேன், அச்சுல கோளாறு என்றேன். அதுதான் உன்னை இன்னும் சுட்டிருக்கும். "எல்லாரும் என்னை நோயாளியாத்தான் பார்க்கிறாங்க. நீ ஒருத்திதான் என்னை இன்ஸ்பெக்டரா பார்த்துக்கிட்டு இருந்த. நீயுமாடி?" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

அடுத்த ஞாயிறு நான் வரவில்லை. ஓவர்டைம் என்று மெசேஜ் போட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறும் ஓவர்டைம். பொய். வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டு. உன் முகத்தைப் பார்க்க வெட்கம். உன் உடம்பு கரைந்துகொண்டு வந்ததைப் பார்க்கப் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஞாயிறு கண்டிப்பாக வருவது என்று உனக்கு நாசி லெமாக் சோறு கட்டி வைக்கக் கடையில் சொல்லிக்கூட வைத்தேன். வெள்ளிக்கிழமை உன் மகள் போன் பண்ணினாள்.

இப்போது கம்பெனி பஸ்ஸில் உன் சீட்டில் ஒரு நேப்பாளப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறாள். தெப்ராவ் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு வந்தாலும் பேச ஆள் இல்லை. ஒரு கதை நல்லாயிருந்தது என்று சொல்வதற்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறது, நான் அதை இதுவரை கவனித்ததே இல்லை.

இன்று காலையில் பசியாறிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தை எடுத்தேன். என் ஸ்டேப்ளர் முள் ஒன்றுகூட இல்லை. பத்து ஜோடித் துளைகள் மட்டும். எல்லாவற்றையும் நீ பிடுங்கி எடுத்திருக்கிறாய், ஒரு பக்கமும் கிழியாமல். கடைசித் தாளில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு வரியை நுழைத்து ஒன்பது என்று போட்டிருந்தாய். எழுத்து கோணிக் கோணிப் போயிருந்தது. உன் கட்டத்தில் இப்படி:

"ரிஜெக்ட். பயமே இல்ல. பாவம் அவ, தன் தட்டைத்தான் கழுவுறா, யாரை என்ன பண்ணினா? வீட்டைப் பூட்டிட்டு ஓடினாங்களே, அவங்களைப் பார்த்துத்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நீயும் ஓடிட்ட. ஓவர்டைமாம். எனக்குத் தெரியாதா, இந்த மாசம் கம்பெனியில ஆர்டரே இல்லைன்னு. கோபம் எல்லாம் ஆறிப்போச்சு. வாடி. உன் கட்டம் காலியா இருக்கு."

உன் மகளுக்கு உடனே போன் பண்ணினேன். அம்மா எப்போது எழுதினாள் என்று கேட்டேன். "கடைசி வாரம் ஆண்ட்டி. நான் கொண்டு போய்க் குடுக்கவான்னு கேட்டேன். வேணாம், அவளே வருவா, வந்தா எழுத வைக்கணும்னாங்க. தலையணை கிட்டயே பென்சிலோட வச்சிருந்தாங்க." சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் போதும். இரண்டு பேரும் தம்போயிலேயே இருந்துகொண்டு, உன் வீடு பத்து நிமிஷ நடை.

பென்சிலை எடுத்து என் கட்டத்தில் எழுதினேன். "பாஸ். ரொம்பப் பயந்துட்டேன். அதான் ஓடிட்டேன்." கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டு கையெழுத்தும் ஆயிற்று.

பன்னிரண்டாவது தொகுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கிறது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஆரம்பிக்கப் போகிறேன். கடைசித் தாளில் கட்டம் போட்டாயிற்று. நான் இரண்டாவது கட்டத்தில்தான் எழுதுவேன், முதல் கட்டம் சீனியருக்கு. மத்தியானத்தில் வருவதென்றால் சனிக்கிழமையாகப் பார்த்து வா, நான் வீட்டில் இருப்பேன். வாசல் கிரில் பூட்டியிருக்கும், உனக்கு அது ஒரு பொருட்டா? தட்டு எல்லாம் நான் கழுவிக்கொள்கிறேன். நீ உட்கார்ந்து உன் கட்டத்தை எழுது. இந்த முறை எங்கேயும் ஓட மாட்டேன்.