வலது பக்க மூக்கு

2005 மார்ச் 9

இன்றைக்கும். கம்பெனி பஸ் தார்நாக்கா ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் வலது மூக்கிலிருந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட் ஆள் தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். முன் சீட் பெண்மணி வெங்காயத்தை முகரச் சொன்னாள். ஓடுகிற பஸ்ஸில் வெங்காயத்துக்கு நான் எங்கே போக? மூக்கில் ரத்தம் வந்தால் போதும், ஊரில் எல்லாரும் டாக்டர். வெளிர்மஞ்சள் சுடிதார் பாழ்.

மார்ச் 14

இந்த மாதம் ஐந்தாவது தடவை. ஸ்ரேயா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "மம்மி, மள்ளீ ரக்தம்" என்று தெலுங்கில் அறிவித்தாள், மறுபடியும் ரத்தமாம். பெற்ற பெண்! வீட்டுக்காரர் பத்ரி "ஏசி காத்துதான்" என்றார். இவருடைய பாக்டரியில் ஏசி கிடையாது. அதனால் சாஃப்ட்வேர்காரர்களுக்கு எந்த வியாதி வந்தாலும் ஏசி காற்றுதான்.

மாமியார் அருகம்புல் சாறு கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகலாம் இல்லையா? "கல்பகம், அந்த மூக்குத்தியைக் கொஞ்ச நாள் கழட்டி வையேன். தாரிணிக்கு..."

எழுந்து வந்துவிட்டேன். அதானே பார்த்தேன். தன் பெண் பெயர் வந்தாயிற்று. எட்டுக்கல் வைரம், மாமியாருடைய அம்மா போட்டுக்கொண்டது. கல்யாணத்தில் எனக்குக் கொடுத்தார்கள். போலாரத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கொடுக்கவில்லையே என்று பதினொரு வருஷமாக அவருக்கு உறுத்தல். லாக்கரில் தூங்கியதைப் பொங்கலுக்கு எடுத்து தினமும் போட்டுக்கொள்கிறேன், நாத்தனார் கண்ணில் படட்டும் என்றுதான். கழற்றினால் அடுத்த ஞாயிறு அவள் மூக்கில் இருக்கும். நான் என்ன அசடா?

ஏப்ரல் 4

கிருஷ்ணகுமார் கூப்பிட்டார். எங்கள் டீம் லீட். ஆன்சைட் லிஸ்ட்டில் என் பெயர் இருக்கிறதாம். டப்ளின், ஜூன், மூன்று மாதம். "ஆனா கிளையன்ட் முன்னாடி இப்படி ரத்தம் வந்தா நல்லா இருக்காது பாருங்க." முதுகுவலி என்று மாதம் நாலு நாள் லீவு போடுகிற மகானுபாவர் சொல்கிறார்.

நாலு வருஷமாக டெஸ்ட்டிங் செய்கிறேன். இதுவரை மூன்று பையன்கள் போய்விட்டு வந்து எனக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை நான் போயே ஆக வேண்டும். மூக்கா, டப்ளினா, பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 11

டாக்டர் திருநாவுக்கரசு, மதுரைக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்புவதற்கு முன் மூக்குத்தியைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்வார்கள், நர்ஸ் ஒரு தட்டில் வைப்பாள், அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

உள்ளே சின்ன ரத்தக்குழாய் உடைந்து உடைந்து வருகிறதாம். மருந்துக் குச்சியால் சுட்டு அடைத்துவிடுவாராம். "மூக்குக்குள்ள எதாச்சும் போகுதாம்மா? விரல், குச்சி?" என்றார். "நான் என்ன எல்கேஜியா?" என்றேன். சிரிக்கவில்லை மனுஷர். மரத்துப்போக எதையோ அடித்துவிட்டுக் குச்சியை வைத்தார். சுரீரென்றது. கண்ணில் தண்ணீர், வரிசையாக எட்டு தும்மல், மேலுதட்டில் கறுப்பாக ஒரு கறை. பாதி மீசையோடு வீட்டுக்கு வந்தேன். சிந்தக்கூடாது, சூடாக எதுவும் கூடாது, களிம்பு போட வேண்டும்.

வந்தவுடன் முதல் வேலையாக மூக்குத்தியைப் போட்டுக்கொண்டேன். வலித்தது. மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். நன்றாகப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 29

பதினெட்டு நாள். ஒரு சொட்டு இல்லை! அருகம்புல்லுக்கும் வெங்காயத்துக்கும் என் அனுதாபங்கள்.

மே 6

டப்ளின் பேப்பர் எல்லாம் கொடுத்தாயிற்று. ஸ்வெட்டர் வாங்கினேன். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று கடைக்காரன் பார்த்தான்.

மே 19

வந்துவிட்டது.

மே 20

நேற்று கான்ஃபரன்ஸ் ரூமில், கிளையன்ட் போனில் இருக்கும்போது. நோட்டு முழுக்க ரத்தம். கிருஷ்ணகுமார் முகத்தை எழுதவே பிடிக்கவில்லை. ஆபீஸ் கார் நேரே டாக்டரிடம் கொண்டுபோய் விட்டது. மூக்குத்தியைக் கழற்ற நேரமில்லை.

லைட்டை அடித்துப் பார்த்தார். "இது எப்பம்மா போட்டது? அன்னைக்கு இல்லையே?"

"கழட்டி வெச்சுட்டு வந்தேன்."

"ஏன்?"

என்ன சொல்ல? உங்கள் நர்ஸைத் திருடி என்று நினைத்தேன் என்றா?

"திருகு உள்ள எவ்வளவு நீளம் வருது தெரியுமா? நான் சுட்ட இடத்தையே போய்க் குத்திக்கிட்டு இருக்கு. எதாச்சும் மூக்குக்குள்ள போகுதான்னு கேட்டேனே."

கேட்டார். நான் எல்கேஜி இல்லை என்றேன்.

மறுபடியும் சூடு. இந்தத் தடவை அழுதேன், மருந்தால் இல்லை. ரத்தம் வர ஆரம்பித்தது எப்போது? பொங்கலுக்கு அப்புறம். மூக்குத்தி போட்டது எப்போது? பொங்கலுக்கு. எப்போதிலிருந்து தப்பு, அதற்கு முன்னால் என்ன மாறியது — தினமும் ஊரான் ப்ரோகிராமைப் பார்த்து நான் கேட்கிற முதல் கேள்வி இதுதானே! மண்டூகம். மண்டூகம். மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாய் வேறு.

மே 24

டப்ளினுக்கு இருதயராஜ் போகிறான். போன வருஷம் சேர்ந்த பையன். "உங்களுக்கு என்ன சாக்லேட் மேடம்?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து மூக்குத்தியை மாமியார் கையில் வைத்தேன். "தாரிணிக்கே குடுத்துடுங்கோம்மா."

"அவளுக்கா? நக்கோ நக்கோ, வேண்டவே வேண்டாம்! காலேஜ் படிக்கறச்சே மூணு மாசம் போட்டுண்டா, மூணு மாசமும் இதே ரத்தம். திருகு நீளம். அப்பறம் இதைத் தொடவே மாட்டேனுட்டா. உன் மூக்கு கொஞ்சம் பெரிசு, ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேனே. நீதான் எழுந்து போயிட்டே."

அவர் குரலில் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

ஜூலை 2

இல்லை. ஒரு சொட்டு இல்லை.

செப்டம்பர் 18

நாலு மாதம் ஆகப்போகிறது. மூக்குத்தி ஓட்டை பாதி தூர்ந்துவிட்டது. மூக்குத்தி பீரோவில், பீரோ சாவி சமையலறை ஆணியில். ஜனவரியில் இன்னொரு ஆளை அனுப்புவார்கள் என்று பேச்சு. பார்க்கலாம்.

இன்று சாப்பிடும்போது மாமியார் என் முடி கொட்டுவதைப் பற்றி ஆரம்பித்தார். கரிசலாங்கண்ணி, போர் தண்ணீர், சனிக்கிழமை எண்ணெய், தாரிணியின் ஓரகத்தி. கை காய்ந்துவிட்டது. சொல்லி முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம். முக்கால்வாசி பழம்பஞ்சாங்கம்தான். போர் தண்ணீர் விஷயம் மட்டும் சரியாக இருக்கலாம். பத்ரியிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.