கலாவதியின் மின்சாரக் கார்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
2-2-2025

கீர்த்தி அப்பாவுக்கு,

நானும் கீர்த்தியும் சுகம். ஏகாம்பரநாதர் அந்தக் குளிரில் உங்களையும் காப்பாற்றட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. காகிதத்திலாவது முழுசாகச் சொல்லி முடிக்கிறேன்.

என் பழைய டாக்ஸி படுத்துவிட்டது. பெட்ரோலே வேண்டாத மின்சாரக் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் புருஷனைக் கேட்காமல் வாங்கினால் ஊர் சிரிக்கும். சொல்லுங்கள்.

இன்னொன்று. மே மாதம் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. "இன்னும் ஒரே வருஷம்" என்று மூன்று முறை கேட்டாயிற்று. வருவதா இல்லையா, அதையும் எழுதுங்கள்.

கலாவதி

பர்மிங்காம்
17-2-2025

அன்புக் கலாவுக்கு,

அது வேண்டாம். அதில் இருப்பது பேட்டரி மட்டும். தீர்ந்தால் நடுரோடுதான். பிளக்-இன் ஹைபிரிட் பார். பேட்டரியும் உண்டு, பெட்ரோல் எஞ்சினும் உண்டு. வீட்டில் சார்ஜ் போட்டால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும். அதற்குமேல் பெட்ரோல் பார்த்துக்கொள்ளும். கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வழியில் நின்றால் உன் பெயர் என்னாவது?

ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டுமே.

உதயகுமார்

காஞ்சிபுரம்
16-3-2025

கீர்த்தி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன ஹைபிரிட் நம் விலைக்கு இங்கே கிடைக்கவில்லை. மின்சாரக் காரே வாங்கிவிட்டேன்.

முதல் சவாரியிலேயே தப்புக் கணக்குப் போட்டேன். வேலூருக்குப் போய்க் கல்யாணப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு இங்கே காந்தி ரோடு பட்டுக்கடைக்கு வந்தபோது, நூற்றுப்பத்து கிலோமீட்டருக்குத்தான் சார்ஜ் இருந்தது. அவர்களைத் திரும்ப வேலூரில் விட்டுவிட்டு வீடு வர நூற்று நாற்பது வேண்டும். கடைக்காரர் பாண்டியன் அண்ணன் பின்பக்கம் சார்ஜ் போட இடம் கொடுத்தார்.

உள்ளே பெண்ணின் அத்தை லோகாம்பாள், "அரக்கு வாணாம்பா, அந்த மாம்பழக் கலரைப் பிரிச்சிக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூறைப்புடவை எடுக்க உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்ததாகச் சரித்திரம் உண்டா? மற்ற நாளென்றால் சலித்துக்கொள்வேன். அன்று, இன்னும் பத்துப் புடவை பிரிக்கட்டும் தாயே என்று காமாட்சியை வேண்டிக்கொண்டேன். நாலு மணி நேரம்! வீட்டுக்கு வந்தபோது எழுபது கிலோமீட்டர் மிச்சம். "அம்மா, வண்டி சத்தமே இல்லாம வந்துக்கினு இருக்குதுமா" என்று குதிக்கிறாள் கீர்த்தி.

வண்டிக்கு பேட்டரி, எஞ்சின் என்று இரண்டு இருக்கலாம். புருஷனுக்கு அங்கே ஒரு வாழ்க்கை, இங்கே ஒரு வாழ்க்கை என்றால் எனக்குத் தாங்கவில்லை. அவசரத்துக்கு என்று என்னை ஒதுக்கி வைக்காதீர்கள். வரவில்லை என்றால் அதையே எழுதுங்கள், அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இதற்குப் பதில் வராமல் இனி நான் எழுத மாட்டேன்.

கலாவதி

பர்மிங்காம்
2-4-2025

என் கலாவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு இங்கே ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினேன். கார் வாங்கிவிட்டேன் என்றால், இவன் இனி வரமாட்டான் என்று நினைப்பாயோ என்று பயந்தேன். என் அறை மூன்றாம் மாடியில். சார்ஜ் போட வழியே இல்லை. ஊர் வண்டியெல்லாம் பழுது பார்க்கிறவன், இதைக்கூட யோசிக்காமல் வாங்கினேன். இரண்டு வருஷமாக வெறும் பெட்ரோலில்தான் ஓட்டினேன், பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு. சார்ஜ் போடும் ஒயரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்தக் காரை நேற்று விற்றுவிட்டேன். ஒப்பந்தமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.

மே 28 காலை சென்னையில் இறங்குகிறேன். நீயே வண்டி எடுத்துக்கொண்டு வா. லீவுக்கு வரும்போதெல்லாம் திரும்பிப் போகவும் சேர்த்தே டிக்கெட் எடுப்பேன். இந்தமுறை வருவதற்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

உன்
உதயகுமார்