தலையாட்டியவர் தலையில் விழுந்த வேலை

அன்பு மகள் ட்வைலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கிழட்டு நாயும் நலம், அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஆட்டு மந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இங்கே நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு உயிரும் நம்பாது என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும்.

அம்மா ஏன் போனுக்கு வருவதில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்திருப்பாய். குளிக்கிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள் என்று நானும் அளந்தேன், என் கணக்குப்படி நம் வீட்டுக் கோழிகள் இதற்குள் குதிரை உயரம் வளர்ந்திருக்க வேண்டும். விஷயம் இதுதான் கண்ணு, கழுத்துக் கட்டியை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் குரல் எழும்பவில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. திரும்பி வரும் என்கிறார் டாக்டர், எப்போது என்றால் கூரையைப் பார்க்கிறார். மூன்று மாவட்டத்து மாடுகளை ஒரே மூச்சில் கூவி விற்றவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார். உன்னிடம் சொல்லக்கூடாதென்று எனக்குக் கட்டளை, ஆகவே இதைப் படித்ததும் மறந்துவிடு.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் வாரத்தில் ஏலக்காரர் சங்கத்து விருந்து வந்தது. இலையுதிர் காலம் முழுக்க உன் அம்மாவின் பண்ணை ஏலங்களை சங்கத்து இளம் ஏலக்காரன் வெண்டெல் பிர்க்கெல்தான் ஓடி ஓடி நடத்திக் கொடுத்தான், தங்கமான பிள்ளை, அதனாலேயே அவளுக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வழியில் தெரியும் வேலிக் கம்பங்களை எல்லாம் ஏலம் போட்டு நாக்கைப் பழக்குவாளே, அன்றைக்கு லாரியில் ஒரு கம்பத்தைக்கூட விற்கவில்லை. அரங்கத்து வாசலில் இறங்கும்போது மட்டும் என் காதோரம் வந்து, அந்தக் காற்றுக் குரலில், "இன்னிக்குச் சத்தம் வரலைன்னா ஏலச் சுத்தியை மேசையிலேயே வச்சிட்டு வந்துடுவேன், இனிமே ஏலமே கிடையாது. நீங்க ஒண்ணும் சமாதானம் சொல்லக்கூடாது"ன்னாள். நானும் ஒரு சமாதானமும் சொல்லாமல் லாரிக் கதவைச் சாத்தினேன், இது மாநில வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

விருந்தைக் கேள். வான்கோழியைக் கிரேன் வைத்து இறக்கினார்கள், உருளைக்கிழங்கு மசியலில் இரண்டு பேர் வழி தவறி ஜெலட்டின் சாலட் பக்கமாக வெளியே வந்தார்கள். தலைவர் ஓர்வில் நன்றி சொல்ல எழுந்தார், உட்காரும்போது அவருக்குத் தாடி முளைத்திருந்தது. நான் மட்டும் முள்கரண்டியை வைத்துவிட்டு மேடையையே பார்த்தேன். அடுத்தது உன் அம்மா. சங்கத்தின் வரும் ஆண்டு வேலைகளை உறுப்பினர்களுக்கு ஏலம் போடுவது அவள் பங்கு, உனக்குத் தெரியாததா, குளிர்கால ஏலக் கூவல் போட்டி, வசந்தத்துப் பயிற்சி வகுப்பு, கோடையில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கான ஏலம், எதைக் கூவும்போது யார் தலை அசைகிறதோ அது அவர் தலையில். பின்வாங்குகிற பேச்சே கிடையாது.

மேடை ஏறினாள், சுத்தியை எடுத்தாள், கோடைக் குடும்ப விழாவின் கழிப்பறைப் பொறுப்பு என்று ஆரம்பித்தாள். பாதி வார்த்தையில் இருந்த காற்றும் அறுந்தது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நூற்றைம்பது ஏலக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் மௌனமாக இருந்ததை நீ கேட்டிருக்க வேண்டும், அடுத்த மாவட்டத்தில் மாடு அசைபோடுவது கேட்டது. வெண்டெல் எழுந்து மேடையடிக்கு வந்தான். "அக்கா, நீங்க உக்காருங்க. சுத்தியை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கிறேன்"னு கையை நீட்டினான். அவள் விரல் தளர்வதை நான் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம், பாவம், கொடுத்துடும்மா என்பதுபோல மெல்லத் தலையாட்டினார்கள். அவனும் இரக்கத்தோடு பெரிதாக ஒருமுறை ஆட்டினான்.

அந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவள் கண்ணெதிரே தலையாட்டலாமா? சுத்தி தானாக இறங்கியது. கரகரவென்று, சரளைக் கல்லில் டிராக்டர் ஏறுவதுபோல அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம். "வித்தாச்சு. கழிப்பறை உனக்குத்தான் தம்பி. சுத்தி எனக்கு." பிறகு நிறுத்தவே முடியவில்லை, தலையாட்டிய ஒவ்வொருவரையும் விரல் நீட்டிப் பிடித்தாள், போட்டி ஒருவருக்கு, வகுப்பு ஒருவருக்கு. வேலைகள் தீர்ந்ததும் புதிதாக வேலைகளை உண்டாக்கி விற்றாள், ஓர்விலுக்கு வருஷம் முழுக்கப் பேச்சைச் சுருக்கும் பொறுப்பு. எல்லாரும் சிரித்த சிரிப்பில் கூரை இரண்டடி எழும்பி உட்கார்ந்தது. கடைசியில் வெண்டெலைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள், அவன் அழுத அழுகையில் வெளியே பனி உருகி ஓடியது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் வாழ்ந்து நூறாயிரம் ஆடு மேய்க்க என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொள், அங்கே வெயில்காலம் என்றாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு.

வான்கோழியை நம்பாதே, கூரையை நம்பாதே, ஓர்விலின் தாடியையும் விட்டுவிடு. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம் கண்ணு. திரும்பி வரும்போது இருட்டில் ஒரு வேலிக் கம்பத்தை அவள் அந்தக் கரகரத்த குரலில் கூவி எனக்கு விற்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

உன் அப்பா,
எல்வின் ஹ்ரூஷ்கா